மலிவு வாடகை வீட்டுக்கு நகரம் எங்கிருந்து பணம் புரட்டுகிறது?

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் பழைய குடியிருப்புகள் பலவற்றின் முன்சுவரில் பெரிய எழுத்துகளில் ஒரு வரி பதித்திருக்கும். ‘வியன்னா மாநகராட்சி, வீட்டுக் கட்டுமான வரிப் பணத்தில் கட்டியது’ என்று அதற்குப் பொருள். பக்கத்திலேயே கட்டிய ஆண்டும் இருக்கும். 1920களின் கட்டடங்கள் அவை. வீட்டைக் கட்டியது யார், பணம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சுவரிலேயே இருக்கிறது. தெருவோடு போகிற எவரும் நின்று படித்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு எளியவர்களுக்காக ஒரு குடியிருப்பு எழும்பினால் அப்படி ஒரே வரியில் எழுதிவிட முடியாது. பணம் ஐந்தாறு திசையிலிருந்து வந்திருக்கும். ஒரு வங்கிக் கடன், மாநகராட்சி கொடுத்த நிலம், மத்திய அரசின் வரிச்சலுகை, எங்கோ ஓர் அலுவலகக் கோபுரம் கட்டியவர் செலுத்திய கட்டணம் என்று எல்லாம் அதற்குள் கலந்திருக்கும். ‘மலிவு வாடகை வீடுகளுக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு’ என்று செய்தியில் படிக்கும்போது நமக்குப் பெரிதாக எதுவும் விளங்காமல் போவதற்கு இதுதான் காரணம். அந்தக் கோடி முழுவதும் செங்கலாகவும் சிமெண்டாகவும் மாறப்போகிறதா? கடனாகக் கொடுக்கிறார்களா, மானியமாகவா? திரும்பி வருமா, வராதா?

புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு இது கடினமான விஷயம் இல்லை. கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வீட்டின் கணக்கு

மாதம் 30,000 சம்பாதிக்கும் ஒரு குடும்பம். எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை, எண்களை மட்டும் பாருங்கள். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போனால் அந்தக் குடும்பம் திணறும் என்பது உலகில் பல நகரங்கள் வைத்துக்கொண்டிருக்கும் பொது அளவுகோல். அப்படியானால் இந்தக் குடும்பம் தரக்கூடிய வாடகை 9,000.

அந்த 9,000 முழுவதும் வீடு கட்டிய செலவை அடைக்கப் போய்விடாது. காவலாளி சம்பளம், லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர், காப்பீடு, சொத்து வரி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பது, என்றைக்காவது மொட்டை மாடி ஒழுகினால் பார்ப்பதற்கு ஒரு சேமிப்பு. இதற்கெல்லாம் ஒரு வீட்டுக்கு மாதம் 4,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 5,000. கடன் தவணை கட்டக் கையில் இருப்பது அவ்வளவுதான்.

மாதம் 5,000 தவணை எவ்வளவு கடனைத் தாங்கும்? 8 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் ஏறத்தாழ 6 லட்சம். அதற்கு மேல் எந்த வங்கியும் தராது, தரவும் கூடாது. ஆனால் அந்த வீட்டைக் கட்ட, நிலத்தையும் சேர்த்து, 20 லட்சம் ஆகிறது.

20 லட்சத்தில் 6 லட்சம் போனால் 14 லட்சம். இந்த 14 லட்சம்தான் விஷயமே. மலிவு வாடகை வீட்டுத் திட்டம் என்று எந்த நகரம் எந்தப் பெயரில் எதை அறிவித்தாலும், இந்த இடைவெளியை யார், எப்படி அடைப்பது என்பதற்கான ஏற்பாடுதான் அது. லாபத்துக்காகக் கட்டுகிற ஒருவர் இந்த வீட்டை ஏன் கட்டுவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அவருக்கு ஈரமில்லை என்பதல்ல பிரச்சினை. 14 லட்சம் துண்டு விழுகிறது, அதை அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

மாநகராட்சி 14 லட்சத்தையும் பணமாகத் தூக்கிக் கொடுக்கலாம். 100 வீட்டுக்கு 14 கோடி. ஆனால் விவரம் தெரிந்த நகரங்கள் அப்படிச் செய்வதில்லை. முதலில் இடைவெளியையே சுருக்கப் பார்க்கும். சுருக்கியது போக மிஞ்சியதற்குத்தான் பணம்.

பணம் கொடுக்காமலே சுருக்குவது

இதில் பெரிய ஆயுதம் நிலம். நம் கணக்கில் 20 லட்சத்தில் நிலத்தின் பங்கு 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பணிமனை, மூடிய பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்திவைத்த திடல் என்று மாநகராட்சியின் பெயரில் இருக்கும் நிலம் ஒன்றை நீண்ட காலக் குத்தகைக்குப் பெயரளவு வாடகையில் கொடுத்தால் அந்த 5 லட்சம் கணக்கிலிருந்தே போய்விடும். இடைவெளி 9 லட்சமாகிவிடும்.

விற்காமல் குத்தகைக்கு விடுவதில் இன்னொரு நன்மை உண்டு. நிலம் நகரத்தின் கையிலேயே இருப்பதால், அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதையும் நகரமே முடிவு செய்யலாம். ஹெல்சிங்கி நகரத்துக்குள் இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சிக்கே சொந்தம். வீடு கட்ட அதைக் குத்தகைக்கு விடுகிறார்கள். வியன்னா 1984-இல் நிலம் வாங்கிச் சேர்ப்பதற்கென்றே ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. விலை ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்டு, குறைந்த லாபத்துக்குக் கட்டும் வீட்டுச் சங்கங்களுக்குப் போட்டி வைத்து ஒதுக்குகிறது. கையில் இருக்கும் நிலத்தை ஒரு வருடத்துப் பட்ஜெட் பற்றாக்குறைக்காக விற்றுவிடும் நகரங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. ஏலத்தில் ஒருமுறை போன நிலம் மறுபடி அந்த விலைக்குக் கிடைக்காது.

அடுத்தது வட்டி. அதே 5,000 தவணைதான். ஆனால் வட்டி 8-க்குப் பதில் 4 சதவீதம், தவணைக் காலம் 20-க்குப் பதில் 30 ஆண்டு என்று மாற்றிப் பாருங்கள். அது தாங்கும் கடன் 6 லட்சத்திலிருந்து ஏறத்தாழ பத்தரை லட்சமாக உயர்ந்துவிடும். குடும்பம் ஒரு காசு கூடுதலாகக் கொடுக்கவில்லை. இடைவெளி 9 லட்சத்திலிருந்து நாலரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது.

குறைந்த வட்டி எப்படிக் கிடைக்கும்? அரசோ அதன் கழகமோ கடன் பத்திரம் வெளியிட்டு முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, அதை வீடு கட்டுபவருக்குக் கடனாகக் கொடுக்கும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பத்திரங்களின் வட்டி வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. வரி இல்லை என்பதால் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கே சம்மதிக்கிறார். 1971-இல் அமைத்த நியூயார்க் நகர வீட்டு மேம்பாட்டுக் கழகம் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான்.

அப்புறம் சொத்து வரி. நம் கணக்கின் பராமரிப்புச் செலவான 4,000-இல் 800 சொத்து வரி என்று வைத்துக்கொண்டு, மாநகராட்சி அதைத் தள்ளுபடி செய்தால், தவணைக்கு 5,800 கிடைக்கும். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் அந்த 800 மட்டுமே, 4 சதவீதத்தில் 30 ஆண்டுக்கு, இன்னொரு 1 லட்சத்து 68 ஆயிரம் கடனைத் தாங்கும். இடைவெளி இப்போது 3 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கட்டட அனுமதிக் கட்டணத் தள்ளுபடி, சீக்கிரம் அனுமதி தருவது போன்றவையும் உதவும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

14 லட்சம் 3 லட்சமாகிவிட்டது என்றதும் மாயம் போலத் தோன்றும். மாயம் ஒன்றும் இல்லை. நிலத்தை விற்றிருந்தால் வந்திருக்கும் பணம் நகரத்துக்கு வரவில்லை. பத்திர வட்டிக்கு வரி போட்டிருந்தால் வந்திருக்கும் பணம் மத்திய அரசுக்குப் போகவில்லை. சொத்து வரி நகரத்துக்கு வரவில்லை. எல்லாமே பொதுப் பணம்தான். செலவுக் கணக்கில் ஏறாத பொதுப் பணம். அதனால்தான் வீட்டுத் திட்டத்துக்கு ஒரு நகரம் எவ்வளவு செய்கிறது என்பதை ஒதுக்கீட்டுத் தொகையை மட்டும் வைத்து எடைபோட முடியாது.

மிஞ்சியதற்குப் பணம்

சரி, மிச்சமிருக்கும் 3 லட்சத்துக்கு வருவோம். இதற்குக் கையில் காசு வேண்டும். நகரங்கள் இதற்கென்று தனியாக ஒரு வீட்டு நிதியம் வைத்திருக்கும். அதற்குள் பணம் எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

நேரான வழி வரி. 1923-இல் வியன்னாவின் நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் கொண்டுவந்த வீட்டுக் கட்டுமான வரி இதற்கு இன்றும் முன்னோடியாகப் பேசப்படுகிறது. எல்லா வீட்டுக்கும் வரி உண்டு. ஆனால் வீடு பெரிதாகப் பெரிதாக விகிதம் செங்குத்தாக ஏறும். தொழிலாளியின் ஒண்டுக் குடித்தனத்துக்குப் பெயருக்கு ஒரு தொகை, மாளிகைக்குப் பெரும் தொகை. நகரத்தின் சொத்துகளில் 1 சதவீதம்கூட இல்லாத மிக விலையுயர்ந்த வீடுகளும் கட்டடங்களும் மட்டுமே மொத்த வரியில் 40 சதவீதத்துக்கு மேல் கட்டின. 1934-க்குள் 60,000 வீடுகளுக்கு மேல் எழும்பின.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வியன்னா பெரும்பாலும் கடன் வாங்கிக் கட்டவில்லை. வரிப் பணத்தில் நேரடியாகக் கட்டியது. கடன் இல்லை என்றால் தவணை இல்லை. நம் கணக்கின் 9,000-இல் அந்த 5,000 தேவையே படாது. பராமரிப்புக்கு ஆகும் தொகையை மட்டும் வாடகையாக வாங்கினால் போதும். அங்கே வாடகை தொழிலாளியின் ஊதியத்தில் மிகச் சிறு பங்காக இருந்தது அதனால்தான். இன்னொன்றும் கூடவே நடந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் வந்த வாடகைக் கட்டுப்பாடும் பணவீக்கமும் சேர்ந்து நில விலையைக் கீழே தள்ளியிருந்தன. தனியார் யாரும் நிலம் வாங்காத அந்த நேரத்தில் மாநகராட்சி வாங்கிக் குவித்தது. வரி மட்டும் போதும் என்று வியன்னாவைக் காட்டிப் பேசுகிறவர்கள் இந்த நிலக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

இன்றைக்கு அங்கே முறை வேறு. சம்பளத்தோடு சேர்த்து ஒரு சிறு சதவீதம் வீட்டு மேம்பாட்டுக்கென்று பிடிக்கிறார்கள். அரைப் பங்கு ஊழியருடையது, அரைப் பங்கு முதலாளியுடையது. ஆஸ்திரியா முழுமைக்கும் உள்ள ஏற்பாடு அது. ஆண்டுதோறும் தட்டாமல் வருகிற பணம் என்பதே அதன் பெரிய பலம். வீடு கட்டுவது நாலைந்து வருட வேலை. அடுத்த வருடம் பணம் வருமா என்று தெரியாமல் யாரும் நிலத்தைத் தேடி, வரைபடம் போட்டு, ஒப்பந்தக்காரரைப் பிடித்து வைக்க முடியாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இதையே மக்களிடம் கேட்டு வாங்குகிறது. 1981-இல் முதல்முறை வாக்கெடுப்பு நடந்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘வீட்டுக்காகச் சொத்து வரியில் கொஞ்சம் கூடுதலாகத் தருவீர்களா?’ என்று கேட்டு வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். 2016-இல் ஏழு ஆண்டுகளுக்கு 29 கோடி டாலர். 2023-இல் மறுபடி ஏழு ஆண்டுகளுக்கு 97 கோடி டாலர். வாக்களித்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வீடுகள் கிடைக்கப் போவதில்லை. தங்கள் வரி ஏறும் என்று தெரிந்தேதான் சம்மதித்தார்கள். முந்தைய பணத்தில் எழும்பிய கட்டடங்களைக் கண்ணால் பார்த்த ஊர் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸ் இரண்டு வழிகளில் போயிருக்கிறது. 2016-இல் 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள், வீடின்றித் தெருவில் இருப்பவர்களை மனதில் வைத்து. இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நியூயார்க் கழகம் வெளியிடும் பத்திரத்தைக் குடியிருப்பவர்களின் வாடகை அடைக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் இந்தப் பத்திரத்தை வரி செலுத்துபவர்கள் அடைக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் கடன் பத்திரம்தான். ஆனால் முதலாவது வட்டியைக் குறைக்கும், இடைவெளியை நிரப்பாது. இரண்டாவதுதான் இடைவெளியை நிரப்பும் பணம். ‘கடன் பத்திரம் வெளியிட்டு வீடு கட்டுவோம்’ என்று யாராவது சொன்னால், திருப்பிக் கட்டப்போவது யார் என்று கேளுங்கள்.

அடுத்து 2022-இல் அதே நகரம் சொத்து விற்பனை மீது ஒரு வரிக்கு வாக்களித்தது. 2023 ஏப்ரலிலிருந்து, 50 லட்சம் டாலருக்கு மேல் விலை போகும் சொத்துக்கு 4 சதவீதமும் 1 கோடி டாலரைத் தொட்டால் 5.5 சதவீதமும் வசூலானது. ஆனால் முதலில் வந்த பணம் எதிர்பார்த்ததைவிட நிறையக் குறைவு. விற்பனைக்கு வரி போட்டால் விற்பவர்கள் தள்ளிப்போடுவார்கள், சந்தை படுத்தால் வரியும் படுத்துவிடும். வியன்னாவில் சம்பளத்தோடு பிடிக்கும் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கட்டுபவரிடமிருந்து வாங்குவது

வரி கேட்கத் தயங்கும் நகரங்கள் இந்தப் பக்கம் திரும்பும். 1974-இல் வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கோமரி கவுண்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) ஒரு சட்டம் போட்டது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வீடு கட்டுகிறவர், அதில் ஒரு பங்கைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும். பதிலுக்கு, விதிப்படி கட்டக்கூடியதைவிடச் சில வீடுகள் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் வீடுகளின் லாபம் மலிவு வீடுகளின் நஷ்டத்தை ஈடுகட்டும். அரசுக் கஜானாவிலிருந்து ஒரு காசும் போகாது. பின்னால் நூற்றுக்கணக்கான ஊர்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன.

பாஸ்டன் 1983-இல் வேறு கோணத்தில் யோசித்தது. பெரிய அலுவலகக் கட்டடம் வந்தால் அங்கே வேலை பார்க்க ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும், வாடகை ஏறும். ஆகவே 1 லட்சம் சதுர அடிக்கு மேல் போகும் வணிகக் கட்டடங்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று வீட்டு நிதியத்துக்குக் கட்ட வேண்டும் என்று அப்போது விதித்தது.

பிரேசிலின் சாவோ பாலோ நகரத்தின் வழிதான் இவற்றில் எனக்கு ஆகப் பிடித்தது. ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்று அனுமதிப்பது நகரம். மெட்ரோவும் பாலமும் சாலையும் வந்ததால்தான் அந்த இடத்தில் முப்பது மாடிக்கு மதிப்பு வந்தது. அவற்றைப் போட்டது பொதுப் பணம். அப்படியானால் கூடுதல் மாடி கட்டும் உரிமையை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? 2004 முதல் அந்த நகரம் குறிப்பிட்ட வளர்ச்சிப் பகுதிகளில் கூடுதல் கட்டுமான உரிமையைச் சான்றிதழாக்கி, பங்குச் சந்தை வழியாக ஏலம் விடுகிறது. வந்த பணம் அதே பகுதியின் சாலைக்கும் வடிகாலுக்கும், அங்கே குடிசையில் இருந்தவர்களின் வீட்டுக்கும் போக வேண்டும். 2014-இன் நகரத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மனையின் பரப்பளவுக்குச் சமமான தளப்பரப்பு வரை உரிமையாளருடையது, அதற்கு மேல் பணம் கட்டு. அந்தப் பணம் சேரும் நிதியத்தில் குறைந்தது 30 சதவீதம் எளியவர்களின் வீட்டுக்கு என்று அந்தத் திட்டம் சொன்னது.

இந்த வழிகளுக்கெல்லாம் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. கட்டுமானம் சூடாக இருக்கும்போது பணம் கொட்டும், படுத்துவிட்டால் நின்றுபோகும். வேலை போய், வாடகை கட்ட முடியாமல் மக்கள் தவிக்கிற நேரமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். அளவு தெரியாமல் கேட்டால், கட்ட வந்தவர் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார். மலிவு வீடும் இல்லை, மற்ற வீடும் இல்லை.

மேலிருந்து வருவது

பெரும்பாலான நகரங்களால் தனியாக இதைச் செய்ய முடியாது. வருமான வரி போன்ற பெரிய வரிகள் மத்திய அரசின் கையில்தான் இருக்கும். அமெரிக்காவில் 1986-இல் வந்த ஒரு வரிச்சலுகை இன்று அந்த நாட்டின் மலிவு வாடகை வீடுகளுக்கு முதுகெலும்பு. அதன் வேலை சற்றுச் சுற்றி வளைத்தது. குறைந்த வாடகைக்கு வீடு கட்டுபவருக்கு அரசு பணம் தராது. பத்து ஆண்டுகளுக்கு வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையைத் தரும். கட்டுவது ஒரு தொண்டு நிறுவனம் என்றால் அதற்கு வரியே கிடையாது, எதில் கழிப்பது? அதனால் அந்த உரிமையை ஒரு வங்கிக்கு விற்கும். வங்கிக்கு வரி மிச்சம், கட்டுபவருக்கு முன்கூட்டியே ரொக்கம். நம் கணக்கின் இடைவெளியில் பெரும்பங்கை இது ஒன்றே அடைத்துவிடும். ஆனால் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காது, போட்டி கடுமை.

இங்கேதான் மாநகராட்சிப் பணத்தின் மதிப்பு தெரியும். ‘இந்தத் திட்டத்துக்கு நாங்கள் இவ்வளவு தருகிறோம், நிலமும் எங்களுடையது’ என்று நகரம் முதலில் எழுதிக் கொடுத்துவிட்டால், வரிச்சலுகை கேட்கும் வரிசையில் அந்தத் திட்டம் முன்னால் போகும், வங்கியும் நம்பி வரும். நகரத்தின் 3 லட்சம் வெளியிலிருந்து பல லட்சத்தை இழுத்து வருகிறது.

இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. ஆறு இடத்தில் பணம் வாங்கினால் ஆறு விதமான விதி, ஆறு விண்ணப்பம், ஆறு வழக்கறிஞர், ஆறு தணிக்கை. ஒருவர் கையெழுத்திட மற்றவருக்காகக் காத்திருப்பார். காத்திருக்கும் காலத்தில் கம்பி விலை ஏறிவிடும். மலிவு வீடு கட்டச் சில நேரம் சாதாரண வீட்டைவிட அதிகம் செலவாகிறது என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொடுப்பது மானியமா, கடனா?

நகரம் அந்த 3 லட்சத்தைப் பெரும்பாலும் கடன் என்ற பெயரிலேயே கொடுக்கும். ஆனால் வங்கிக் கடன் போல மாதாமாதம் தவணை கிடையாது. பராமரிப்புச் செலவும் வங்கித் தவணையும் போக ஏதாவது மிஞ்சினால் கட்டினால் போதும். பல கட்டடங்களில் எதுவும் மிஞ்சாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். அப்படியானால் நேரடியாக மானியம் என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டியதுதானே? கடன் ஒப்பந்தம் இருந்தால்தான் நகரத்துக்குப் பிடி இருக்கும். வாடகையை ஏற்றினாலோ, பாதியில் விற்கப் பார்த்தாலோ, ‘எங்கள் பணத்தை எடுத்து வை’ என்று கேட்கலாம்.

உண்மையிலேயே திரும்பி வருகிற கடனும் உண்டு. மேலே சொன்ன அதே மான்ட்கோமரி கவுண்ட்டி 2021-இல் 5 கோடி டாலரில் ஒரு சுழல் நிதியைத் தொடங்கி, பிறகு அதை 10 கோடியாக்கியது. கட்டடம் கட்டும்போது வங்கி பெரும்பகுதியைக் கடனாகத் தரும். மீதிக்குத் தனியார் முதலீட்டாளரிடம் போக வேண்டும், அவர் கேட்கும் லாபம் கனமாக இருக்கும். அந்த இடத்தில் கவுண்ட்டி தன் பணத்தைக் குறைந்த வட்டிக்குப் போடுகிறது. கட்டி முடித்து, ஆட்கள் குடிவந்து, வாடகை சீராக வரத் தொடங்கியதும் நீண்ட காலக் கடன் எடுத்து இந்தப் பணத்தைத் திருப்பிவிடுவார்கள். அதே பணம் அடுத்த கட்டடத்துக்குப் போகும். முதலில் வந்தது 268 வீடுகள் கொண்ட கட்டடம், 2023-இல் திறந்தார்கள். அதில் 30 சதவீதம் குறைந்த வாடகை வீடுகள், மற்றவை சந்தை வாடகை. மிக ஏழைகளுக்கு இது எட்டாது. ஆனாலும் ஒரே பணம் மறுபடி மறுபடி வேலை செய்வது சாதாரண விஷயம் இல்லை.

மாதம் 10,000 சம்பாதிப்பவர்

இதுவரை போட்ட கணக்கெல்லாம் மாதம் 30,000 வருகிற குடும்பத்துக்கு. 10,000 மட்டுமே வருகிற ஒரு விதவைத் தாய்க்கு இதே கணக்கைப் போடுங்கள். 30 சதவீதம் என்றால் 3,000. பராமரிப்புச் செலவோ 4,000. நகரம் அந்த வீட்டை முழு இலவசமாகக் கட்டிக் கொடுத்தாலும் மாதம் 1,000 துண்டு விழும். ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது. அவர் அங்கே இருக்கிற வரைக்கும் மாதாமாதம் யாராவது அந்த 1,000-ஐக் கொடுத்தாக வேண்டும்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தின் ப்ரூயிட் ஐகோ குடியிருப்பு சாட்சி. 11 மாடிக் கட்டடங்கள் 33, கிட்டத்தட்ட 2,900 வீடுகள். 1954-இல் குடிவரத் தொடங்கினார்கள். கட்டுமானச் செலவு மத்திய அரசுடையது, பராமரிப்பு முழுவதும் வாடகையிலிருந்து. கட்டும்போதே சிக்கனம் பார்த்து, லிஃப்ட் 1, 4, 7, 10-ஆம் மாடிகளில் மட்டும் நிற்கும்படி வைத்தார்கள். கைக்குழந்தையோடும் கடைச் சாமான்களோடும் மற்ற மாடிக்காரர்கள் படியேற வேண்டும். நகரத்திலிருந்து வேலைகள் வெளியேறின, வசதியானவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள், வாடகை வருமானம் சரிந்தது, பழுது பார்ப்பது நின்றது. பழுது பார்க்காததால் இன்னும் பலர் காலி செய்தார்கள். இருந்தவர்களுக்கு வாடகையை ஏற்றினார்கள். 1969-இல் அந்த நகரத்தின் பொதுக் குடியிருப்புவாசிகள் வாடகை கட்ட மறுத்துப் போராடினார்கள். வருமானத்தில் பாதிக்கும் மேல் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். 1972-இல் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பதினெட்டே ஆண்டுகள்.

அந்த 1969-இல்தான் செனட்டர் எட்வர்ட் புரூக்கின் திருத்தம் அமெரிக்கச் சட்டத்தில் ஏறியது. பொதுக் குடியிருப்பில் வாடகை வருமானத்தின் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். நாம் முதலில் கையில் எடுத்த அளவுகோலின் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருக்கிறது. 1974-இல் இன்னொரு முறையும் வந்தது: வருமானத்தில் குடும்பம் தரக்கூடிய அந்தப் பங்குக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு மாதாமாதம் நேராக வீட்டு உரிமையாளருக்குக் கொடுப்பது. நம் கணக்கில் விடுபட்டுப்போன 1,000 என்பது இதுதான். அறிவிப்பு விழாவில் யாரும் பேசாத பணமும் இதுதான்.

எத்தனை ஆண்டுக்கு?

கடைசியாக ஒன்று. பொதுப் பணத்தில் கட்டிய வீடு எத்தனை காலம் மலிவாக இருக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். 1986 வரிச்சலுகைக்குக் குறைந்தது 30 ஆண்டு. கலிஃபோர்னியாவில் 55. கெடு முடிந்ததும் உரிமையாளர் விரும்பினால் சந்தை வாடகைக்கு மாறலாம், நகரம் மறுபடி முதலிலிருந்து பணம் புரட்ட வேண்டும். பிரிட்டனில் 1980-இல் வந்த சட்டம், மாநகராட்சி வீடுகளில் குடியிருந்தவர்களே தள்ளுபடி விலையில் அவற்றை வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. இங்கிலாந்தில் மட்டும் இதுவரை கிட்டத்தட்ட 20 லட்சம் வீடுகள் கைமாறியிருக்கின்றன. வாங்கியவர்களுக்கு அது வாழ்வு தந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் போன வீடுகளுக்கு ஈடாக அதே எண்ணிக்கையில் புதிதாகக் கட்டவில்லை. அடுத்து வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே இருக்கிறார்கள்.

வியன்னா விற்கவில்லை. மாநகராட்சியின் கையில் இன்று ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம் வீடுகள் இருக்கின்றன. 1930-இல் திறந்த, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பும் அதில் சேர்த்தி. பிரைட்னரின் வரியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு இன்றும் வீட்டுக்காரர் மாநகராட்சிதான், குடியிருப்பவர்கள் இந்த மாத வாடகையையும் அதற்கே கட்டுகிறார்கள்.